ஊருக்கே தெரிந்த குற்றத்துக்கு எதற்கு இத்தனை விசாரணை?

கேள்வி:
2020இல் நியூயார்க்கில் ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீனுக்குப் பாலியல் குற்ற வழக்கில் 23 ஆண்டு சிறை என்றதும் அப்பாடா என்றிருந்தது. 2024 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம், நீதிபதிகள் 4-3 என்று பிரிந்து, அந்தத் தீர்ப்பையே ரத்து செய்துவிட்டது. இத்தனை பெண்கள் சொன்ன பிறகும் நடைமுறை, விதி என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?

பதில் 1:
காசு இருந்தால் நடைமுறை கூடவே வரும். நமக்கெல்லாம் முதல் தீர்ப்புதான் கடைசித் தீர்ப்பு.

பதில் 2:
காசு விஷயம் உண்மைதான். ஆனால் ரத்தானதற்குக் காரணம் அதுவல்ல. வழக்கிலேயே இல்லாத சம்பவங்களைப் பற்றி வேறு பெண்கள் சாட்சி சொல்ல நீதிபதி அனுமதித்துவிட்டார். ‘ஆளே இப்படித்தான், இதையும் செய்திருப்பான்’ என்று ஜூரியை நினைக்க வைக்கிற வேலை அது. கடைசியில் அவதிப்பட்டது யார்? ஒருமுறை எல்லாவற்றையும் சொல்லி முடித்த பெண்கள் 2025இல் நடந்த மறுவிசாரணையில் மறுபடி சாட்சிக் கூண்டேறினார்கள். அப்போதும் ஒரு குற்றச்சாட்டில் குற்றவாளி, ஒன்றில் விடுதலை, இன்னொன்றில் முடிவே வரவில்லை.

நான் இருபது வருடம் பத்திரிகையில் உதவி ஆசிரியர். ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்று தலைப்புப் போட்டால் இரண்டு வரி போய்விடும், ‘குற்றவாளி’ ஒரே வரியில் அடங்கிவிடும். பக்கம் அச்சுக்குப் போக பத்து நிமிடம்தான் இருக்கும். எதைப் போட்டிருப்பேன் என்று சொல்ல வேண்டுமா? அப்படி நான் தலைப்புப் போட்ட ஒருவர் நான்கு வருடம் கழித்து விடுதலையானார். அந்தச் செய்தியும் என் மேஜைக்கே வந்தது. ஏழாம் பக்கம், ஒற்றைப் பத்தி, படம் கிடையாது. (அவரை எனக்கு இன்றும் பிடிக்காது. அது வேறு.)

இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனை 1994இல் உளவு வழக்கில் கைது செய்தபோது பத்திரிகைகள் எழுதாததா? 1996இலேயே சி.பி.ஐ. ஆதாரம் இல்லை என்றது. 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2018இல்.

கேள்வி கேட்டவர்:
அந்தப் பெண்கள் திரும்பக் கூண்டேறியதை நான் யோசிக்கவே இல்லை. சரி, தீர்ப்பு வரும்வரை இப்படிப்பட்டவர்களின் படங்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

பதில் 2 எழுதியவர்:
வேண்டாம். டிக்கெட் உங்கள் காசு, வாங்காமலிருக்க எந்த நீதிபதியையும் கேட்க வேண்டியதில்லை. நான் பயப்படுவது தலைப்பை மட்டும் படித்துவிட்டு ஃபார்வர்டு செய்கிறவர்களைப் பார்த்துத்தான். அதில் சில தலைப்புகள் நான் போட்டவை.