1957 புல்லட்: ரெட்டிச்சா, மெட்ராஸா? அவசரம்

கைகாட்டி: ஆர்.சி.யில் ராயல் என்ஃபீல்டு, 1957னு மட்டும் இருக்கு. விண்டேஜ் பதிவுக்குக் கொடுக்கணும். இங்கிலாந்து ரெட்டிச் ஆலை வண்டியா, மெட்ராஸில் பூட்டின நம்ம ஊர் வண்டியா? எதைப் பார்க்கணும்?

ஸ்பேனர்செட்: 350ஆ, 500ஆ? இக்னிஷன் மேக்டைனோவா (மேக்னெட்டோவும் டைனமோவும் சேர்ந்த ஒரே பாகம்), காயிலா? இன்ஜின், சேசிஸ் நம்பர் ஆர்.சி.யோட ஒத்துப்போகுதா? போட்டோ போடுங்க சார்.

வடக்குவாசல்: கார்பரேட்டர் பாருங்க ப்ரோ. ஆமல்னா இங்கிலாந்து, மிக்கார்ப்னா இந்தியா.

இரும்புக்குதிரை: கார்பரேட்டரை வச்சு ஊர் சொல்றதை எத்தனை தடவை மறுக்கிறது? ஆமல் ஸ்லைடு தேஞ்சதும் மிக்கார்ப் மாட்டாத பட்டறையே கிடையாது. ஸ்பீடோமீட்டர், டேங்க், விளக்கு எதுவும் சாட்சி ஆகாது. முதல்ல வரலாற்றைப் படிச்சுட்டு வாங்க. 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க. காரணம், நம்ம ராணுவம் கேட்ட 350 புல்லட். ஆரம்பத்தில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. 1957ல் டூலிங், அதாவது பாகங்கள் செய்யிற அச்சும் கருவிகளும், இங்கே வந்தது. முழு வண்டியும் இங்கேயே தயாரானது 1962ல். அதனால 1957 வண்டியில் ரெட்டிச் வார்ப்பும் மெட்ராஸ் பூட்டலும் சேர்ந்தே இருக்கலாம்.

வடக்குவாசல்: அப்போ ஃபிரேம்?

இரும்புக்குதிரை: அதுதான் உருப்படியான கேள்வி. ரெட்டிச் 1956 மாடலுக்கே ஃபிரேமை மாத்திட்டாங்க. நம்ம ஊர் புல்லட் 1955 வடிவத்திலேயே பல பத்தாண்டு ஓடுச்சு.

ஸ்பேனர்செட்: நம்பர் படிக்க உப்புத்தாள், கம்பி பிரஷ் வேண்டாம். குத்தின எண்ணோட ஆழம் குறைஞ்சா ஆர்.டி.ஓ. ஆய்வில் சந்தேகம் வரும். தின்னர் நனைச்ச துணியால பெயிண்ட்டை ஊற வச்சுத் துடைங்க, பிறகு மேலே காகிதம் வச்சு பென்சிலால் தேய்ச்சு பிரிண்ட் எடுங்க. இன்ஜின் நம்பர் சிலிண்டருக்குக் கீழே இடப்பக்க கிராங்க்கேஸில் இருக்கும். ஹெட் கழற்றினா போர் (சிலிண்டர் உள்விட்டம்) அளங்க: 350ன்னா 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 346 சி.சி. சிலிண்டரைக் கடைஞ்சு ரீபோர் பண்ணினதுன்னா போர் கொஞ்சம் கூடுதலா காட்டும்.

தோட்டாப்பெட்டி: ரைபிள் செஞ்ச அதே என்ஃபீல்டு ஆலையில் பிறந்த வண்டிக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?

இரும்புக்குதிரை: ரைபிள் ஆலை என்ஃபீல்டு ஊரில் இருந்த அரசு ஆலை. வண்டி பிறந்தது ஊசிக்குப் பேர்போன ரெட்டிச்சில். ஆல்பர்ட் ஈடியும் ராபர்ட் வாக்கர் ஸ்மித்தும் அந்த அரசு ஆலைக்கு ரைபிள் பாகங்கள் செஞ்சு கொடுத்தாங்க, பேர் அங்கிருந்து வந்தது. 1901ல் வந்த முதல் மோட்டார் சைக்கிளில் இன்ஜின்கூட மினர்வாவோடது, ஒன்றரை எச்.பி.

தோட்டாப்பெட்டி: துப்பாக்கி மாதிரி செஞ்சதுன்னு அவங்களே விளம்பரம் பண்ணாங்களே?

இரும்புக்குதிரை: பாகம் சப்ளை பண்ணினவன் போடக்கூடிய விளம்பரம்தான். ஆலை வேற, கம்பெனி வேற.

ஸ்பேனர்செட்: தலைப்புக்கு வருவோம். ரெட்டிச்சிலிருந்து அனுப்பின வண்டிகளோட பேரேடுகள் பிரிட்டனில் உள்ள ராயல் என்ஃபீல்டு ஓனர்ஸ் கிளப்பிடம் இருக்கு. ரெண்டு நம்பரோட போட்டோவும் அனுப்பிக் கேளுங்க. படிவத்தில் ‘இறக்குமதி’ன்னு ஊகத்தில் எழுதாதீங்க சார். எழுதினா பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துறை இறக்குமதி ஆவணம்) கேப்பாங்க. 2021 விண்டேஜ் பதிவு விதிப்படி ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய ஆர்.சி. போதும். முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும், கட்டணம் 20,000 ரூபாய்.

கைகாட்டி: 350, மேக்டைனோ. ரெண்டு நம்பரும் ஆர்.சி.யோட சரி. கிளப்புக்கு எழுதியாச்சு. நன்றி.

வடக்குவாசல்: ஃபிரேம் போட்டோ போடுங்க ப்ரோ. 1955 வடிவமான்னு பார்த்துடலாம்.