நகரின் உட்பகுதிச் சிறு கடைகள்: வேலை கொடுத்தவர்களும் வேலை செய்பவர்களும் பகிர்ந்தவை

எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர்

அக்கம்பக்கத்துச் சிறு கடைகளை ஆதரிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். அந்த ஆதரவு கடைக்காரரிடம் எந்த வடிவில் போய்ச் சேருகிறது என்பதை மட்டும் யாரும் விரிவாகச் சொல்வதில்லை. எனவே பொதுவான கருத்துகளைத் தள்ளி வைத்துவிட்டு, ஒவ்வொருவரும் நேரில் கண்டதை எழுதினால் பயனுள்ளதாக இருக்கும் என்று நினைத்து, என் அனுபவத்திலிருந்து தொடங்குகிறேன்.

என்னிடம் சாவி கொடுத்து ஓட்டும் பழைய கைக்கடிகாரம் ஒன்று உண்டு. அது திடீரென்று நாளொன்றுக்குப் பல நிமிடங்கள் முந்தி ஓடத் தொடங்கியது. முழுவதையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும் என்று பெரிய விற்பனை நிலையம் ஒன்றில் சொல்லிவிட்டார்கள். பழைய குடியிருப்புக் கட்டடம் ஒன்றின் மாடிப்படிக்குக் கீழே, ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய இடத்தில் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் அதைக் கொண்டுபோனேன். அவர் பின்மூடியைத் திறக்கவே இல்லை; இரவில் எங்கே வைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். ஒலிபெருக்கியின் மேல் என்றேன். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சிறிய திசைகாட்டியை எடுத்துக் கடிகாரத்தின் அருகில் வைத்தபோது அதன் முள் துடித்துத் திரும்பியது. உள்ளே இருக்கும் ஹேர் ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள்வில் காந்தமேறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்றும், அதனால் சுருளின் நீளம் குறைந்ததைப் போலாகி, கடிகாரத்தின் ஓட்டத்தைச் சீராக வைக்கும் பேலன்ஸ் வீல் என்ற சக்கரம் வேகமாக ஆடும் என்றும் விளக்கினார். காந்தம் நீக்கும் கருவியின் மேல் கடிகாரத்தை வைத்து, பொத்தானை அழுத்தியபடியே மெல்ல விலக்கி எடுத்தார். பிறகு துடிப்பை அளக்கும் கருவியில் வைத்துக் காட்டினார். மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்து என்று இந்த வகைக் கடிகாரத்துக்கு உரிய கணக்கில் அது ஓடிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் ஒரு வேலையா என்று சொல்லிக் காசு வாங்க மறுத்துவிட்டார். எனக்கு இது சரியாகப் படவில்லை. பிரித்துப் பூட்டும் நேரத்துக்குக் கூலி கேட்கத் தெரிந்த இந்தத் தலைமுறைக் கைவினைஞர்கள், குறையைக் கண்டுபிடிக்கும் அறிவுக்குக் கூலி கேட்கக் கூச்சப்படுகிறார்கள். வற்புறுத்திப் பணத்தைத் திணித்தால் அது அவருக்கு மரியாதைக் குறைவாகிவிடும் என்பதால், வீட்டில் ஓடாமல் கிடந்த சுவர்க் கடிகாரத்தை எண்ணெய் மாற்றச் சொல்லிக் கொடுத்தேன். அதற்கு அவர் சொன்ன கூலியைப் பேரம் பேசாமல் தந்தேன்.

எழுதியவர்: நூலகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்

மேலே எழுதியவர் கடைசியில் செய்ததே முறை என்று நானும் கருதுகிறேன். இவர்களுக்கு வேண்டியது வேலை. அதுவும் முறை வைத்து வரும் வேலை. நான் பல காலமாகப் போய்வரும் பைண்டிங் கடையை வைத்து இதைச் சொல்கிறேன்.

முதுகு பிளந்த கனத்த அகராதி ஒன்றை அவரிடம் கொடுத்தபோது, இரண்டு வழிகள் இருக்கின்றன என்றார். முதுகை இயந்திரத்தில் நேராக வெட்டிப் பசை தடவி ஒட்டினால் அன்றைக்கே கொடுத்துவிடலாம். ஆனால் வெட்டிய பிறகு பாரங்களின், அதாவது ஒன்றாக மடித்த தாள் தொகுப்புகளின், மடிப்பே போய்விடுவதால், அடுத்த முறை பிரிந்தால் தைக்க இடமிருக்காது. தைத்துக் கொடுக்க வேண்டுமானால் பல நாட்கள் ஆகும். தைக்கவே சொன்னேன். அவர் வேலை செய்யும் விதத்தை அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அட்டையைக் கழற்றி, பாரம் பாரமாகப் பிரித்து, முதுகில் கெட்டியாக இறுகிப்போயிருந்த பழைய பசையை ஈரப்படுத்திச் சுரண்டி எடுப்பார். மடிப்பில் கிழிந்த தாள்களுக்கு மெல்லிய காகிதப் பட்டை ஒட்டிக் காயவைப்பார். அதன் பிறகுதான் ஒவ்வொரு பாரத்தின் நடு மடிப்பு வழியாகவும் நூல் போகும். அட்டை வெட்டுவதற்கு முன் அதை இரு திசையிலும் லேசாக வளைத்துப் பார்ப்பார். எளிதாக வளையும்போது அந்த வளைவின் கோட்டுக்கு இணையாகத்தான் இழை ஓடுகிறது என்று பொருள்; அந்த இழை புத்தகத்தின் முதுகுக்கு இணையாக அமையாவிட்டால் அட்டை முறுக்கிக்கொள்ளும்; பக்கங்களும் படிந்து திறக்காது.

இத்தகைய கடைகள் ஒரு காலத்தில் அலுவலகப் பதிவேடுகளையும் கணக்குப் புத்தகங்களையும் நம்பி நடந்தன. கணக்கெல்லாம் கணினிக்குப் போன பிறகு, மாணவர்களின் ஆய்வேடுகள் குவியும் பருவத்தில் தூக்கமில்லாமலும் மற்ற மாதங்களில் வேலையில்லாமலும் இருக்கிறார்கள். ஆகவே அறிமுகமானவர்களிடமிருந்து பழுதான புத்தகங்களைச் சேர்த்து வைத்து, வேலையில்லாத மாதங்களில் சிறு கட்டாகக் கொண்டுபோய்க் கொடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அட்டை மேல் ஒட்டும் காலிகோ துணிக்கும் அட்டைக்குமான தொகையை முன்பணமாகத் தந்துவிடுவேன். அவசரம் என்ற சொல்லை அவரிடம் பயன்படுத்துவதில்லை.

இன்னொன்றையும் அங்கே கவனித்தேன். நான் கொடுத்த முன்பணத்தில் ஒரு பகுதி எதிர்ச்சாரியில் உள்ள காகிதக் கடைக்கும், ஒரு பகுதி பக்கத்து அச்சகத்தின் வெட்டும் இயந்திரத்துக்கான கூலியாகவும் என் கண்முன்னேயே போனது. லண்டனில் உள்ள நியூ எகனாமிக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு அமைப்பு இதை அளக்க எல்.எம்.3 என்று ஒரு முறையை வகுத்திருக்கிறது. ஓரிடத்தில் செலவாகும் பணத்தை மூன்று சுற்று வரை பின்தொடர்ந்து, மூன்று சுற்றுகளிலும் அவ்வட்டாரத்துக்குள் புழங்கிய தொகையைக் கூட்டி, முதல் தொகையால் வகுக்கிறார்கள். இதை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது என்பது என் எண்ணம். காகிதக் கடைக்காரர் அட்டையை எங்கோ தொலைவில் உள்ள ஆலையிலிருந்துதான் வரவழைக்கிறார். பணத்தின் பெரும்பகுதி அடுத்த சுற்றிலேயே வெளியே போய்விடுகிறது. கூலி மட்டுமே உள்ளூரில் தங்குகிறது. அதனால்தான் பொருள் விற்கும் கடையைவிடக் கைவேலை செய்யும் கடைக்குக் கொடுப்பதையே நான் முதலில் வைப்பேன்.

எழுதியவர்: கல்லூரி ஆசிரியை

தனியாளாக உழைப்பவருக்கு நல்லெண்ணமே இடைஞ்சலாக மாறியதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் ஆல்டரேஷன் மட்டும் செய்யும் தையற்காரர் ஒருவர் இருக்கிறார். இடுப்புப் பிரித்துத் தைப்பது, ஜிப் மாற்றுவது, நீளம் குறைத்து ஓரம் அடிப்பது என்று மற்றவர்கள் ஏற்க விரும்பாத சில்லறை வேலைகளை நேர்த்தியாகச் செய்வார். யாரோ அவருடைய கைத்திறனைக் காணொளியாக எடுத்து வெளியிட, அது பரவியது. எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். பாதிப் பேர் படமெடுத்துக்கொண்டு போனார்கள். மீதிப் பேர் மறுநாளே வேண்டுமென்று துணியைக் கொடுத்தார்கள். காஜா எடுக்கக்கூட நேரமில்லாமல் அவர் திணறியதில், வழக்கமாக வருபவர்களின் துணிகள் பையிலேயே கிடந்தன; அவர்களில் சிலர் வேறு கடைக்கு மாறிப்போனார்கள். கூட்டம் வடிந்த பிறகு அவரிடம் எஞ்சியது, முன்பைவிடக் குறைவான வாடிக்கையாளர்களும் தாமதம் என்று குறைகூறும் சில மதிப்புரைகளும்தான்.

கடையில் பொருள் விற்பவர் கூட்டம் வந்தால் கூடுதலாகச் சரக்கு வாங்கிப் போடலாம். தனியாளிடம் இருக்கும் சரக்கு அவருடைய நேரம் மட்டுமே; அதைக் கூட்ட வழியில்லை. ஆகவே எந்தக் கடையைப் பற்றியும் எழுதுவதற்கு முன், எழுதலாமா என்று உரியவரிடம் கேட்பது நல்லது. அவர் வேண்டாம் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். எழுதச் சொன்னால், என்ன வேலை செய்வார், எத்தனை நாள் ஆகும், எந்த வேலையை ஏற்கமாட்டார் என்பதையெல்லாம் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். மனிதர் அருமையானவர் என்று எழுதுவதால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

எழுதியவர்: மென்பொருள் துறையில் பணிபுரிபவர்

2011ஆம் ஆண்டு அமெரிக்காவின் பஃபலோ நகரில், பலர் ஒரே நாளில் ஒரே கடைக்குத் திரண்டுபோய்ப் பொருள் வாங்கும் வழக்கம் தொடங்கியது. கேஷ் மாப் என்று பெயர். அதைப் படித்துவிட்டு நாங்களும் ஓர் எழுதுபொருள் கடைக்குக் கூட்டமாகப் போனோம். அன்று கல்லா நிறைந்தது உண்மை; மொத்த வியாபாரிக்கு இருந்த பாக்கியில் ஒரு பகுதியை அந்தப் பணத்தில்தான் அடைத்தார் என்று பின்னர் தெரிந்தது. ஆனால் அன்று வந்தவர்களில் மறுபடி அந்தக் கடைப்படி ஏறியவர்கள் மிகக் குறைவு. எனக்கு அதைவிட 2008இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த கேரட்மாப் பிடித்திருக்கிறது. அங்கே கூட்டம் வருவதற்கு ஈடாக, அன்றைய வருமானத்தில் 22 விழுக்காட்டைக் கடையின் மின்சிக்கனத்துக்குச் செலவிடக் கடைக்காரர் ஒப்புக்கொண்டார். கூட்டம் கலைந்த பிறகும் மின்கட்டணம் குறைவாகவே வரும் அல்லவா?

எழுதியவர்: இரும்புப் பொருள் கடை நடத்துபவர்

கல்லாவுக்கு இந்தப் பக்கம் இருப்பவன் என்ற முறையில் நானும் சொல்ல விரும்புகிறேன். குழாய் ஒழுகுகிறது என்று வருகிறவருக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் ஒரேயொரு வாஷர்தான். பழையதைக் கையோடு கொண்டுவந்தால் பார்த்த மாத்திரத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவேன். கொண்டுவராதவரிடம் குழாய் எந்த வகை, எந்தப் பிடியிலிருந்து ஒழுகுகிறது என்று கேட்டுக் கேட்டுத்தான் அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த ஒற்றை வாஷருக்காக, வருடத்தில் எப்போதாவது கேட்கப்படும் நூற்றுக்கணக்கான அளவுகளை நான் அலமாரியில் வைத்திருக்கிறேன்; அத்தனையும் முடங்கிக் கிடக்கும் முதல். துளைக்கருவி போன்ற விலை உயர்ந்த பொருள்களில் வரும் லாபம்தான் அந்த அலமாரியைத் தாங்குகிறது. என்னிடம் விளக்கம் கேட்டு, கையில் எடுத்துப் பார்த்து, படமும் எடுத்துக்கொண்டு, துளைக்கருவியை இணையத்தில் வாங்கிவிட்டு, அதற்கான திருகுகளுக்கு மட்டும் என்னிடம் வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நன்றாக இருக்கும். வாங்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன், அவரவர் பணம். முதலில் என்னிடம் விலையைக் கேளுங்கள். இணையத்தில் உள்ள விலையையும் சொல்லுங்கள். என்னால் முடியுமா, முடியாதா என்று நேராகவே சொல்லிவிடுவேன்.

அட்டையில் பணம் செலுத்துவது குறித்தும் பலர் கேட்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டம், வங்கிகளுக்கிடையிலான கட்டணத்துக்குப் பற்று அட்டையில் 0.2 விழுக்காடு, கடன் அட்டையில் 0.3 விழுக்காடு என்று உச்சவரம்பு விதித்தது. அதற்கு மேல் அட்டையைத் தேய்க்கும் கருவியை வழங்கும் நிறுவனத்தின் கட்டணம் தனியாக உண்டு. சில ஒப்பந்தங்களில் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் நிலையான சிறு தொகையும் சேரும். அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் ஒற்றை வாஷருக்கு அட்டையை நீட்டினால் எனக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. பெரிய கொள்முதலில் அது பொருட்டே இல்லை. இதைவிடப் பெரிய தொல்லை, நிறுவனங்களுக்காக வாங்குகிறவர்கள் பில்லை மாதக்கணக்கில் இழுத்தடிப்பது. எனக்கு மொத்த வியாபாரி கொடுக்கும் கெடு முப்பது நாள். அந்தக் கெடுவுக்குள் பணம் தருகிறவரைத்தான் நான் ஆதரவாளர் என்று சொல்வேன்.

எழுதியவர்: நகரத் திட்டமிடல் படித்தவர்

எல்லோரும் வாங்குவதைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். நான் பார்த்தவரை, உட்பகுதிக் கடைகள் வாடிக்கையாளர் இல்லாமல் மூடப்படுவதைவிட, குத்தகை புதுப்பிக்கப்படாமல் மூடப்படுவதே அதிகம். வியாபாரம் நன்றாக நடக்கும்போதுகூட இது நடக்கிறது. தெருவுக்கு நல்ல பெயர் வந்தால் முதலில் ஏறுவது வாடகைதான். பழைய கட்டடங்களின் குறைந்த வாடகையில்தான் புதிய சிறு தொழில்கள் முளைக்க முடியும் என்று, நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961லேயே எழுதினார்.

சில நகரங்கள் இதற்கு வழி தேடியிருக்கின்றன. பாரிஸ் மாநகராட்சி 2004 முதல் செமாஸ்ட் என்ற தன் நிறுவனத்தின் வழியாகக் காலியான தரைத்தளக் கடைகளை வாங்கித் தனி வணிகர்களுக்கு வாடகைக்கு விட்டது. சான் ஃபிரான்சிஸ்கோவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்துவரும் கடைகளைப் பதிவேட்டில் சேர்க்கிறார்கள். 2015இல் வாக்கெடுப்பின் மூலம் உருவான நிதியிலிருந்து, அத்தகைய கடைக்குப் பத்தாண்டுக் குத்தகை கொடுக்கும் கட்டட உரிமையாளருக்கே மானியம் தர வழி செய்தார்கள். உரிமையாளரைப் பகைவராக்காமல் அவருக்கும் ஒரு காரணம் கொடுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

நம்மிடம் அப்படியொரு நிதி இல்லாதபோதும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நானும் வழக்கறிஞரான ஒரு நண்பரும் சேர்ந்து, விரும்பும் கடைக்காரர்களின் குத்தகை ஆவணங்களைப் படித்துச் சொல்லிவருகிறோம். பெரும்பாலானவர்கள் கையெழுத்திட்ட அன்றைக்குப் பிறகு அதைத் திறந்து பார்த்ததே இல்லை. சலவைக் கடை ஒன்றின் ஆவணத்தில், புதுப்பிக்க விரும்பினால் ஆறு மாதத்துக்கு முன்பே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. கெடு முடியச் சில வாரங்களே இருந்த நிலையில் கடிதம் எழுதி, பதிவு அஞ்சலில் அனுப்பினோம், புதுப்பிக்கவும் செய்தார்கள். அந்தத் தெருவில் குத்தகை முடியப்போகும் மற்றக் கடைகளின் தேதிகளை இப்போது திரட்டிக்கொண்டிருக்கிறோம். இத்தகைய ஆவணங்களைப் படித்துப் பழகியவர்கள் இங்கே யாரேனும் இருந்தால், கடைகள் ஓய்ந்திருக்கும் பிற்பகல் வேளையில் எங்களோடு வரலாம்.