பிளம்பர் லைசென்ஸ் எடுத்தவர்கள் வழி சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் குடியாத்தம், 14 வருடமாக பிளம்பிங் வேலை. மாமா கூட எடுபிடியாகப் போய்க் கற்றுக்கொண்டது, ஜி.ஐ. இரும்பு பைப்பில் மரை போட்டு சணல் சுற்றி இறுக்கிய காலத்திலிருந்து இப்போது சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் வரைக்கும் எல்லாம் கைக்கு வரும், ஆனால் கையில் ஒரு சர்ட்டிபிகேட் கிடையாது.

போன மாதம் ஒரு புது வீட்டில் மேல்தொட்டி, பாத்ரூம் லைன் முழுக்க நான்தான் போட்டேன். தெரு மெயினிலிருந்து இணைப்பு எடுக்க மட்டும் லைசென்ஸ் உள்ளவர் வேண்டும் என்றார்கள். பள்ளம் தோண்டி, கிளாம்ப் மாட்டி, கசிவு பார்த்தது வரை நான், வந்தவர் கையெழுத்து போட்டுவிட்டு பாதிக் கூலியை வாங்கிக்கொண்டு போனார். ரொம்ப வலித்தது.

ஐடிஐயில் பிளம்பர் படிப்பு ஒரு வருடம். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலையை விட்டு அதற்குப் போக முடியாது. ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களைச் சோதித்து சர்ட்டிபிகேட் தரும் ஆர்பிஎல் இருக்கிறதே, அதை வைத்து நகராட்சியில் லைசென்ஸ் வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தொழிலாளர் நலவாரிய அட்டை என்னிடம் இருக்கிறது, அது உதவித்தொகைக்குத்தான், லைசென்ஸ் ஆகாது, அதனால் அதைச் சொல்ல வேண்டாம்.

அப்புறம், இங்கே எடுத்தால் பேரணாம்பட்டு, வேலூர் மாநகராட்சிப் பக்கமும் செல்லுமா, இல்லை ஒவ்வொரு ஊரிலும் தனியாகப் பதிய வேண்டுமா? என்னென்ன பேப்பர் கேட்டார்கள், எவ்வளவு கட்டினீர்கள், அண்ணன்மார் யாராவது சொன்னால் நாளைக்கே கிளம்பிவிடுவேன்.