பேட்ச் பேனல் போட்டபின் இரண்டு அறைகளில் மட்டும் 100 எம்பிபிஎஸ், ஏன்?

கேள்வி:
வணக்கம். ரவுட்டருக்குப் பின்னால் சிக்கிக் கிடந்த ஒன்பது கேபிள்களையும் போன வாரம் 12 போர்ட் பேட்ச் பேனலில் (அறைக் கேபிள்களின் முனைகளை வரிசையாகப் பொருத்தும் பலகை) இறக்கினேன். எல்லாம் கேட் 6, இரு முனையிலும் டி568பி எனும் வயர் நிற வரிசை. ஏழு போர்ட்டில் 1 ஜிபிபிஎஸ் வருகிறது. 4, 6 இரண்டும் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை. நெட்வொர்க் ஸ்விட்சில் போர்ட் மாற்றியும் அதே கதை. வயரைப் பேனல் கிளிப்பில் அடித்து இறக்கும் பஞ்ச் டவுன் டூல் கைக்கு வருமுன் அவசரப்பட்டு 1 முதல் 5 வரை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினேன் (திட்ட வேண்டாம்). பேனலையே மாற்ற வேண்டுமா?

பதில் 1:
பாவம் பேனல், விடுங்கள். 100 எம்பிபிஎஸ்ஸுக்குக் கேபிளுக்குள் இருக்கும் எட்டு வயரில் 1-2, 3-6 என்று இரண்டு ஜோடி போதும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஆக நீல ஜோடியோ (4-5) பிரவுன் ஜோடியோ (7-8) எங்கோ தொடர்பில்லாமல் இருக்கிறது. கிளிப்பின் பிளேடு வயரின் தோலைக் கிழித்துச் செம்பைக் கவ்வ வேண்டும். ஸ்க்ரூடிரைவர் வயரை உள்ளே தள்ளும், ஒழுங்காகக் கவ்வ வைக்காது, கிளிப்பையும் அகட்டிவிடும். டூலால் மறுபடி அடியுங்கள், வெட்டும் பக்கம் வெளியே பார்க்கட்டும். வயர் ஜோடிகளின் முறுக்கை 13 மிமீக்கு மேல் பிரிக்காதீர்கள்.

பதில் 2:
சரிதான், ஆனால் 6 டூலால் அடித்தது அல்லவா? அதற்குக் காரணம் வேறாக இருக்கலாம். எதையும் பிரிக்குமுன் போர்ட் 3-இன் இரு முனைப் பேட்ச் கார்டுகளையும் (பிளக் போட்ட குட்டிக் கேபிள்கள்) கழற்றி 6-க்குப் போட்டுப் பாருங்கள். அப்புறம் எட்டு வயருக்கும் ஒவ்வொரு விளக்கு எரியும் கேபிள் டெஸ்டர்.

கேட்டவர்:
இருவர் சொன்னதும் பலித்தது! 4-இல் டெஸ்டரின் 7-ஆம் விளக்கு எரியவில்லை. வெள்ளை-பிரவுன் வயர் பார்க்க உள்ளேதான் இருந்தது, இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. நுனியை வெட்டி டூலால் அடித்ததும் 1 ஜிபிபிஎஸ். 6-இல் எட்டு விளக்கும் எரிந்தன. குற்றவாளி, பழைய ரவுட்டரோடு வந்த கார்டு. பிளக்கை உற்றுப் பார்த்தால் உள்ளே நான்கே வயர்! இப்படியும் விற்றிருக்கிறார்கள்.

பதில் 2:
அந்தக் கார்டை இன்றே வெட்டிப் போடுங்கள். டப்பாவில் வைத்தால் எப்படியும் ஒருநாள் திரும்பி வரும்.

பதில் 1:
1, 2, 3, 5 மட்டும் இப்போது ஓடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். அவையும் ஸ்க்ரூடிரைவர் பிடிதான். கேபிளை அசைத்தால் விடும்.

கேட்டவர்:
5-ஐ அசைத்தேன். விட்டது. டூலை எடுக்கிறேன்.