2.18 லட்சம் கிலோமீட்டர் ஓடிய கார்: எஃப்.சி. காட்டுவதா, விற்பதா?

பாலக்கோடு_தக்காளி: 2011 மாடல் பெட்ரோல் செடான், அப்பா வாங்கியது. அடுத்த மாதம் பதிவுக்கு 15 வருடம் முடிகிறது; எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். கிளட்ச் செட், முன்பக்க சஸ்பென்ஷன், டைமிங் பெல்ட் எல்லாம் சேர்த்துப் பட்டறையில் 42,000 சொல்கிறார்கள். வியாபாரி 85,000க்குக் கேட்கிறார். மாதம் இரண்டு முறை அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குச் சேலம் கூட்டிப்போக வேண்டும். மற்றபடி உள்ளூர் ஓட்டம்தான்.

ஓசூர்_நைட்ஷிஃப்ட்: விற்றுவிடுங்கள். வண்டி விலையில் பாதியை ரிப்பேருக்கே கொடுப்பது என்ன கணக்கு? இன்றைக்கு கிளட்ச், நாளைக்கு ஏசி கம்ப்ரசர்.

மத்தூர்_மாந்தோப்பு: தம்பி, வண்டி விலையோடு ரிப்பேரை ஒப்பிட்டால் எந்தப் பழைய வண்டியும் தேறாது. புது வண்டிச் செலவோடு ஒப்பிடுங்கள். 8 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 16,600. வட்டி மட்டுமே இரண்டு லட்சத்தை நெருங்கும். இவர் சொல்கிற 42,000 மூன்று மாதத் தவணைகூட இல்லை. பதிவைப் புதுப்பிக்க 5,000, மேலே பசுமை வரி. அதோடு ஐந்து வருடம் ஓட்டலாம். இருபது வருடம் தாண்டினால் கட்டணம் 10,000. அதை 2031இல் பார்த்துக்கொள்ளலாம்.

ஓசூர்_நைட்ஷிஃப்ட்: கணக்கு சரிங்க அண்ணே. ஆனால் அந்த வண்டியில் ஏபிஎஸ் (அவசர பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் தடுப்பது) இருக்கிறதா? எல்லாப் புது கார்களுக்கும் அது கட்டாயமானதே 2019இல்தான். சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் முழுக்க இறக்கம். மழையில், பின்னால் லோடு லாரி, முன்சீட்டில் அம்மா. அங்கே வட்டிக் கணக்கு பிரேக் பிடிக்காது.

பாலக்கோடு_தக்காளி: ஏபிஎஸ் இல்லை. ஏர்பேக்கும் இல்லை.

மத்தூர்_மாந்தோப்பு: நான் முப்பது வருடமாக அந்த இறக்கத்தில் ஓட்டுகிறேன். நியூட்ரலில் இறங்குகிறவனுக்குத்தான் ஆபத்து. மூன்றாவது கியர், தேவைப்பட்டால் இரண்டாவது.

காரிமங்கலம்_பட்டறை: இரண்டு பேரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். பிரேக் ஆயிலை எப்போது மாற்றினீர்கள்? அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறிய ஆயில் நீண்ட இறக்கத்துச் சூட்டில் கொதித்து ஆவியானால், ஏபிஎஸ் இருந்தாலும் பெடல் தரைக்குப் போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்.

அப்புறம் ரேடியேட்டரில் என்ன ஊற்றுகிறீர்கள்? நம் தருமபுரி மாவட்டத்துப் போர் தண்ணீர் ஃப்ளோரைடுக்குப் பேர் போனது. ஆனால் ரேடியேட்டருக்கு எமன் அதில் இருக்கும் உப்பும் சுண்ணாம்பும்தான். குழாயெல்லாம் படிந்து, எஞ்சின் சூடேறி, ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பாகத்தை அடைக்கும் தகடு) போய் வந்த வண்டிகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத் தண்ணீர் மனிதருக்கு வந்துவிட்டது. காருக்கு இன்னும் போர் தண்ணீர்தான்.

டைமிங் பெல்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள். ஓட்டத்தில் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் மோதி எஞ்சினே கெட்டுப்போகும். 42,000 அன்றைக்குச் சில்லறையாகத் தெரியும். காசு போடுவதற்கு முன்னால் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடித்தளம் துரு பிடித்திருக்கிறதா பாருங்கள். எஞ்சினைப் பிரித்துப் பூட்டலாம். தளம் அரித்துப் போனால் டிங்கரிங் செய்வது கண்ணை ஏமாற்றத்தான்.

பாலக்கோடு_தக்காளி: பழைய பில்லெல்லாம் தேடினேன். 2019க்குப் பிறகு பிரேக் ஆயில் என்று ஒரு வரிகூட இல்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் செங்கல் தூள் கரைத்த மாதிரி தண்ணீர்.

காரிமங்கலம்_பட்டறை: சூடாக இருக்கும்போது திறக்கவில்லையே?

பாலக்கோடு_தக்காளி: இல்லைங்க, காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால்.

ஓசூர்_நைட்ஷிஃப்ட்: இப்போதும் விற்கத்தான் சொல்வேன். வியாபாரி அந்த மூடியைத் திறந்து பார்ப்பதற்குள்.

மத்தூர்_மாந்தோப்பு: அவரிடம் வாங்குகிறவன் தொப்பூரில் இறங்க மாட்டானா தம்பி?