ஃபியட்ல கீழே கியரா? சோழவரம் கதைக்கும் ஒரு அளவு வேண்டாமா?

பெரம்பூர் மெக்கானிக் மகன்:
வாசு சார் நேத்து போட்ட கதையைப் படிச்சதுல இருந்து மனசே ஆறல. அறுபதுகள்ல அவங்க அப்பா மெட்ராஸ் பக்கத்துல சோழவரம் பழைய விமான ஓடுதளத்துல நடந்த ரேஸ்ல ஃபியட் 1100-ஐ வெச்சு, நேர்கோட்டுல கால் மைல், ஒரு செவ்ரோலெட் இம்பாலாங்கிற பெரிய அமெரிக்க காரை முந்தினாராம். முந்தட்டும், யார் வேண்டாம்னா? "கீழே இருந்த கியரை டக்குனு ரெண்டாவதுக்குத் தட்டினார்"னு எழுதியிருக்காரே, அதைத்தான் தாங்க முடியல. ஃபியட்ல கியர் லீவர் கீழே தரையில இருக்காது, மேலே ஸ்டியரிங்கை ஒட்டி இருக்கும். பம்பாய் டாக்சியில ஒரு தடவை ஏறினவனுக்கும் தெரியும்.

வடபழனி வாசு:
நான் அப்பா வண்டியைச் சொல்றேன், நீங்க பம்பாய் டாக்சியைச் சொல்றீங்க. ரேஸுக்குப் போற வண்டியில பின் சீட்டைப் பிடுங்குவாங்க, பம்பரைக் கழட்டுவாங்க, கியரையும் கீழே மாத்துவாங்க. நீங்க அந்த ஓடுதளத்தையாவது பார்த்திருக்கீங்களா?

பெரம்பூர் மெக்கானிக் மகன்:
பம்பரைக் கழட்ட ஸ்பானர் போதும். கியரைக் கீழே இறக்குறது அப்படியா? ஸ்டியரிங் தண்டுல இருந்து கியர் பாக்ஸுக்கு லிங்க் கம்பி போகும். அந்தக் கம்பி மூட்டுல இருக்கிற புஷ் தேஞ்சா ரெண்டு கியருக்கு நடுவுல மாட்டிக்கும். பானெட்டைத் தூக்கி, கம்பியைக் கையால ஆட்டினாதான் விடும். எங்கப்பா கடையில நான் ஆட்டாத ஃபியட் இல்ல. கீழே கியர் வெச்ச ஃபியட் ஒண்ணுகூட எங்க கடைக்கு வரல.

டெட்ராய்ட் ரவி:
நண்பர்களே, சோழவரத்துல நடந்தது டிராக் ரேஸே (drag race, நேர்கோட்டுல விடுற பந்தயம்) கிடையாது. அமெரிக்காவுல அதுக்குன்னே வாலி பார்க்ஸ் என்.ஹெச்.ஆர்.ஏ.ங்கிற சங்கத்தை ஆரம்பிச்சது 1951. அவங்களோட முதல் தேசியப் போட்டி 1955, கான்சாஸ்ல கிரேட் பெண்ட். 1963-ல ரேஸைத் தொடங்க கொடிக்குப் பதிலா 'கிறிஸ்துமஸ் மரம்'னு விளக்குக் கம்பமே வந்தாச்சு. மஸில் கார்னா, அதாவது பெரிய என்ஜின் போட்ட வேக வண்டின்னா, 1964 பாண்டியாக் ஜி.டி.ஓ. மாதிரி இருக்கணும்: என்ஜின் 389 கன அங்குலம் (சுமார் 6,400 சிசி), 325 குதிரைசக்தி. உங்க ஃபியட் 1089 சிசி, சுமார் 40 குதிரை. என் மனைவியோட தாத்தா இங்க ஒரு ஜி.டி.ஓ. வெச்சிருந்தார். ஸ்டார்ட் பண்ணினா சமையலறை ஜன்னல் கண்ணாடி நடுங்குமாம்.

பெரம்பூர் மெக்கானிக் மகன்:
அதுல கியர் எங்க இருந்துச்சு?

டெட்ராய்ட் ரவி:
ஜி.டி.ஓ.லயா? கீழேதான். ஹர்ஸ்ட் கம்பெனி கியர் லீவர். ஆனா நான் சொல்ல வந்தது…

பெரம்பூர் மெக்கானிக் மகன்:
போதும். அமெரிக்காவுல கீழே, ஃபியட்ல மேலே. அமெரிக்க மாப்பிள்ளையே சாட்சி.

வடபழனி வாசு:
ரவி, உங்க டிராக் ரேஸை கலிஃபோர்னியா சாண்டா அனாவுல 1950-ல ஆரம்பிச்சது கூட விமான ஓடுதளத்துலதானே? சோழவரமும் இரண்டாம் உலகப்போர் ஓடுதளம்தான். அங்க ஓட்டினா வரலாறு, இங்க ஓட்டினா வெட்டிக்கதையா?

ஹெரால்டு பைத்தியம்:
சண்டை எதுக்கு? வாசு சாரோட அப்பா ஓட்டினது ஸ்டாண்டர்டு ஹெரால்டா இருக்கும். அதுல கியர் கீழேதான். மெட்ராஸ்லயே செஞ்ச வண்டி. அதை யாரும் மதிக்கிறதில்லைங்கிறது வேற விஷயம்.

வடபழனி வாசு:
எங்க அப்பா என்ன வண்டி ஓட்டினார்னு எங்களுக்குத் தெரியாதா? அந்த வண்டியிலதான் அம்மாவைக் கல்யாணம் முடிஞ்சு கூட்டிட்டு வந்தார். இந்தாங்க போட்டோ. கதவுல சாஞ்சு நிக்கிறார் பாருங்க.

பெரம்பூர் மெக்கானிக் மகன்:
பார்த்தேன். பெரிசு பண்ணியும் பார்த்தேன். ஸ்டியரிங் பக்கத்துல ஒரு குச்சி நீட்டிட்டு இருக்கே, அது என்ன சார்?

வடபழனி வாசு:
இண்டிகேட்டர்.

பெரம்பூர் மெக்கானிக் மகன்:
இண்டிகேட்டருக்கு எலுமிச்சம்பழம் அளவுக்குக் குமிழா?

கோவை செந்தில்:
ஏனுங்க, ரேஸுன்னா மெட்ராஸ் மட்டுந்தானுங்களா? எங்கூர் ரேஸ்காரர் கரிவரதன் மாருதி 800 என்ஜினை வெச்சு ஃபார்முலா மாருதிங்கற ரேஸ் காரே செஞ்சாருங்க. அவரு பேருல செட்டிபாளையத்துல ரேஸ் மைதானமே இருக்குது. உங்க சோழவரம் என்னாச்சு? 1990-ல ரேஸெல்லாம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போயிருச்சு.

பெரம்பூர் மெக்கானிக் மகன்:
செந்தில், போன மாசம் அம்பாசடர் திரியிலயும் இப்படித்தான் நடுவுல புகுந்து கோயமுத்தூர் புராணம் பாடினீங்க. இங்க கேள்வி ஒண்ணே ஒண்ணு. கியர் எங்கே?

கோவை செந்தில்:
பேசறதுக்கு உங்ககிட்ட அனுமதி வாங்கோணுமுங்களா?

டெட்ராய்ட் ரவி:
ஒரு தகவல். அந்தக்கால இம்பாலா நிறைய ஆட்டோமேட்டிக். அதுலயும் லீவர் பெரும்பாலும் ஸ்டியரிங்லதான். 325 குதிரை கணக்குக்கு யாருமே பதில் சொல்லலையே?

பெரம்பூர் மெக்கானிக் மகன்:
அப்போ ரெண்டு வண்டியிலயும் மேலே! வாசு சார், அந்த ஓடுதளத்துல கீழே கியர் இருந்த ஒரே ஆள் உங்க அப்பாதான் போல.

வடபழனி வாசு:
எங்க அப்பாவைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசினா மரியாதை கெட்டுடும். பக்கத்து சீட்டுல உட்கார்ந்து போன சித்தப்பா அம்பத்தூர்ல இருக்கார். ஞாயித்துக்கிழமை அவரையே இங்க எழுத வைக்கிறேன்.

பெரம்பூர் மெக்கானிக் மகன்:
வரட்டும். பின் சீட்டைப் பிடுங்கின ரேஸ்காரர் முன் சீட்டுல தம்பியை எதுக்கு ஏத்தினார்னும் அவரே சொல்லட்டும். முதல்ல கியர்.

ஹெரால்டு பைத்தியம்:
நான் இன்னும் ஹெரால்டுன்னுதான் சொல்றேன்.