செயின்ட் பீட்டர் போர்ட்: தண்ணீர் ஏறும் வரை

குழு: எங்கள் வீடு
(நேரங்கள் இந்தியக் கணக்கில்)

மாலை 6.50

தம்பி: பிரெஞ்சுக் கரைக்குப் பக்கத்தில் உள்ள கெர்ன்சி தீவுக்குப் படகில் வந்து சேர்ந்துவிட்டோம். செயின்ட் பீட்டர் போர்ட் துறைமுகத்துக்குள் இருக்கிறோம். ஆனால் விக்டோரியா படகுத்துறைக்குள் நுழைய இன்னும் மூன்றரை மணி நேரம் ஆகும்.

அம்மா: வந்த பிறகு எதற்குக் காத்திருக்க வேண்டும்? இடம் இல்லை என்கிறார்களா?

தம்பி: இடம் இருக்கிறது அம்மா, தண்ணீர்தான் இல்லை. படம் அனுப்புகிறேன், பாருங்கள்.

தம்பி: 📷

தம்பி: வாசலில் குறுக்கே நிற்கிற சுவர் தெரிகிறதா? பாசி படிந்து இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது கடல் அதற்கு 2.8 மீட்டர் கீழே இருக்கிறது. உள்ளே உள்ள படகுகள் எங்கள் தலைக்கு மேலே மிதக்கின்றன. அந்தச் சுவர்தான் உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேறவிடாமல் தேக்கி வைக்கிறது.

தங்கை: நம்பவே முடியவில்லை. தூத்துக்குடியில் கடல் இப்படி ஏறி இறங்கிப் பார்த்ததே இல்லையே!

பெரியப்பா: நம் பக்கம் ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம், ஒரு மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும் அம்மா. குஜராத்தில் அலங் கடற்கரைக்குப் போனால் வேறு உலகம். பழைய கப்பல்களைப் பெரிய ஓதத்தின் உச்சத்தில் கரையேற்றிவிடுவார்கள். தண்ணீர் வற்றியதும் முழுக் கப்பலும் சேற்றில் நிற்கும். கெர்ன்சிப் பக்கமும் அப்படித்தான். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஓதம் பிரெஞ்சுக் கரையின் வளைவுக்குள் ஒடுங்கி எழும்புகிறது. பக்கத்து ஜெர்சித் தீவில் 12 மீட்டர் வரை வித்தியாசம் வரும்.

பெரியப்பா: தம்பி, கணக்கைச் சொல். கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது.

தம்பி: சுவரின் உச்சி, கடல் வரைபடத்தின் பூஜ்ய மட்டத்துக்கு (கடல் மிகவும் வற்றும்போது நிற்கும் மட்டம்) மேல் 4.2 மீட்டர். எங்கள் படகு 1.5 மீட்டர் அமிழும். அரை மீட்டர் கூடுதலாக வைத்துக்கொண்டேன். ஆக, ஓதம் 6.2 மீட்டர் மட்டம் வரை ஏற வேண்டும். இன்று தாழ்மட்டம் 1.4, உயர்மட்டம் 8.6.

பெரியப்பா: வித்தியாசம் 7.2. பன்னிரண்டு பங்காக்கினால் ஒரு பங்கு 60 செ.மீ. தண்ணீர் ஏறும் ஆறு மணி நேரத்தில் முதல் மணியில் ஒரு பங்கு, அடுத்ததில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, ஒன்று. மூன்று மணி நேரத்தில் 5.0, நான்கில் 6.8. தாழ்மட்டத்திலிருந்து 3 மணி 40 நிமிடம் என்று வருகிறது.

தம்பி: அதேதான் பெரியப்பா. மணிக்கு மணி தண்ணீர் ஏறுவதைக் காட்டும், இந்தத் துறைமுகத்துக்கான வளைகோட்டுப் படத்திலும் சரிபார்த்துவிட்டேன். சவுத்தாம்ப்டனில் இந்தப் பங்குக் கணக்கு உதவாது. அங்கே உயர்மட்டமே இரண்டு முறை வருகிறது.

பெரியப்பா: ஓத அட்டவணை கிரீன்விச் நேரத்தில் இருக்கும். கோடைக்காலத்துக்கு ஒரு மணி நேரம் கூட்டினாயா?

தம்பி: கூட்டிவிட்டேன். அட்டவணையில் தாழ்மட்டம் 13.10. எங்கள் கடிகாரத்தில் 14.10, உங்களுக்கு மாலை 6.40.

பெரியப்பா: காற்றழுத்தம்?

தம்பி: 1023 மில்லிபார்.

பெரியப்பா: இயல்பான 1013-ஐவிட 10 கூடுதல். ஒவ்வொரு மில்லிபாருக்கும் ஏறக்குறைய ஒரு செ.மீ. தண்ணீர் குறையும். அட்டவணை சொல்வதைவிடச் சுமார் 10 செ.மீ. குறைவாகவே இருக்கும். அந்த அரை மீட்டரைத் தொடாதே.

அம்மா: அத்தான், இவ்வளவு அஞ்ச வேண்டுமா? கொஞ்சம் முன்னால் போனால் என்ன ஆகும்?

பெரியப்பா: படகின் அடி தட்டும் அம்மா. ஏறுகிற தண்ணீரில் தட்டினால் கொஞ்ச நேரத்தில் கடலே தூக்கிவிடும். வற்றுகிற தண்ணீரில் தட்டினால் அடுத்த ஏற்றம் வரை சுமார் பன்னிரண்டு மணி நேரம் சாய்ந்து கிடக்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தின் உச்சத்தில் மாட்டிக்கொண்டால், அடுத்தடுத்த ஏற்றங்கள் சிறுத்துக்கொண்டே போகும். படகு மீள இரண்டு வாரம்கூட ஆகலாம். அதனால்தான் தெரியாத துறைமுகத்துக்குள் எப்போதும் ஏறுகிற தண்ணீரிலேயே போ என்பேன்.

நான்: வரும் வழியில் நீரோட்டம் எப்படி இருந்தது?

தம்பி: ஹெர்ம் தீவுக்கும் கெர்ன்சிக்கும் நடுவே உள்ள லிட்டில் ரஸல் கால்வாயில், பெரிய ஓத நாட்களில் மணிக்கு 5 கடல் மைல் வரை ஓடும். எங்கள் படகின் வேகமே அவ்வளவுதான். எதிர்த்துப் போயிருந்தால் நின்ற இடத்திலேயே நின்றிருப்போம். நீரோட்டத்தோடு வந்ததால்தான் இவ்வளவு சீக்கிரம் சேர்ந்தோம்.

பெரியப்பா: இதை எல்லோரும் கவனியுங்கள். தண்ணீர் ஏறுவது வேறு, நீரோட்டம் திரும்புவது வேறு. அங்கே ஏறக்குறைய பாதி ஓதத்தில்தான் ஓட்டம் திசை மாறும். உயர்மட்டம் வந்துவிட்டது, ஓட்டம் நின்றிருக்கும் என்று எண்ணிப் போகிறவர்கள் பாறைப் பக்கம் இழுக்கப்படுவார்கள்.

இரவு 10.10

அம்மா: கண்ணா, சுவர் மறைந்துவிட்டதா?

தம்பி: மறைந்து நெடுநேரமாகிறது அம்மா. வாசலில் உள்ள அளவுகோல் சுவருக்கு மேல் 1.6 மீட்டர் காட்டுகிறது. 2.0 வந்ததும் கிளம்புவோம்.

பெரியப்பா: கடிகாரத்தைவிட அந்த அளவுகோலை நம்பு.

இரவு 10.32

தம்பி: உள்ளே வந்துவிட்டோம். 10.20-க்கு 1.9 தான் இருந்தது பெரியப்பா, நீங்கள் சொன்ன 10 செ.மீ. அப்படியே குறைந்திருந்தது. மூன்று நிமிடம் பொறுத்து, 2.0 ஆன பிறகு பச்சை விளக்கைப் பார்த்து நுழைந்தோம். துறைமுக ஊழியர் சின்னப் படகில் முன்னே வந்து இடம் காட்டினார்.

அம்மா: அப்பாடா. சாப்பிட்டுத் தூங்கு.

பெரியப்பா: நாளை எப்போது கிளம்புகிறாய்?

தம்பி: இங்கே காலை 8.45-க்கு உயர்மட்டம். 11 மணிக்கு முன் சுவரைத் தாண்டிவிட வேண்டும்.

பெரியப்பா: 10.30 என்று வைத்துக்கொள். நாளைய உயரத்தை வைத்துப் புதிதாகக் கணக்குப் போட்டு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.